மூணாம் நம்பர் வீடு

வருஷத்துக்கு ஒருதரம், மகளிர் தினத்தை ஒட்டி, உப்புக் கம்பெனிப் பெண்களை வேனில் ஏற்றி எங்காவது கூட்டிக்கொண்டு போவது முதலாளியம்மாவின் வழக்கம். போன வருஷம் குற்றாலம். அருவியில் தண்ணீர் இல்லை. பாறையைப் பார்த்துவிட்டு, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். இந்த வருஷம் உடன்குடிப் பக்கம் செம்மண் தேரிக்காட்டில் பழைய ஓலை வீடுகளை அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள், அங்கே போவோம் என்று சொல்லியிருந்தாள்.

முப்பிடாதிக்கு அந்தக் கம்பெனியில் ஒன்பது வருஷம். பொடியுப்பு வந்து விழும் வாயில் பாக்கெட்டைப் பிடித்து நிரப்பி, எடை பார்த்து, சீல் மிஷினில் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை. விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. வீட்டுக்கு வந்ததும் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டால்தான் பாத்திரம் தேய்க்கக் கை வணங்கும். அவளோடு ஒரே மேஜையில் நிற்பவள் திரேஸ்புரத்து ஜெப்ஸி. பத்து வயது இளையவள், வாய் ஓயாதவள்.

வேன் போகிற இடத்தை முப்பிடாதி வீட்டில் சொன்னபோது அவள் புருஷன் தங்கப்பாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கன இருக்காம்?"

"நம்ம பக்கந்தான். தேரிக்குள்ளயாம். உள்ள போய்ப் பாக்கதுக்கு டிக்கெட்டாம்ங்க."

"ஓலை வீட்டப் பாக்க நீ எதுக்குப் போணும்? அதுல கெடந்து புழுங்குனது போதாதா?"

"எல்லாரும் போறாவ."

"பானுவுக்குப் பரீச்சை வருதுல்லா?"

"அதுக்கு மூணு வாரம் கெடக்கு. பொழுதடையுமுன்ன வந்துருவேன்."

அவன் குழம்பில் கிடந்த சாளை மீனை முள் எடுக்காமலேயே பிசைந்து, பிறகு ஒவ்வொரு முள்ளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான். முப்பிடாதி சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். போகவா வேண்டாமா என்று அவள் நின்றுகொண்டிருந்த நேரத்தில் ஜெப்ஸி வாசலில் வந்து கத்தினாள்.

"யக்கா, வேன் நிக்கி! அண்ணாச்சிக்கு வயித்துவலின்னா நீங்க என்ன மாத்திரையா? வாங்க."

முப்பிடாதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. போனாள்.

அவளும் ஓலை வீட்டில் இருந்தவள்தான். கல்யாணமாகிப் போன இடம் தேரிக்கு நடுவே ஒரு பனைவிளை. சொந்தக்காரர்களின் எட்டு வீடுகள். தங்கப்பாண்டி அப்போது பனை ஏறினான். மாசியில் தொடங்கி ஆறு மாதம், விடிகாலையில் அவன் இறக்கும் பதநீரை இவள் பக்கத்து விடிலிக் குடிசையில் அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். முகத்தில் அனல், முதுகில் வெயில். அதையெல்லாம் அவள் பெரிய கஷ்டமாக நினைத்ததில்லை. முதல் பிள்ளை ஆண். ஏழாவது மாதத்தில், ஐப்பசி மழையில், காய்ச்சல் கண்டது. திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில் இடுப்பளவு தண்ணீர். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. வீட்டுக்குக் கிழக்கே, புறவாசலிலிருந்து நாலு எட்டில், அடக்கம் பண்ணினார்கள். அந்த இடத்தை அவள் தினமும் சாணி தெளித்து மெழுகினாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தாள். பெரிய காற்று அடித்தால் விளக்குக்குப் பக்கத்தில் ஓலையைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து மகள் பானுப்ரியா பிறந்தாள். தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். அங்கிருந்து சாத்தான்குளத்துக்குப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகியிருக்கும். ஒருநாள் மத்தியானம் தங்கப்பாண்டி தாடியும் சிவந்த கண்ணுமாக வந்து நின்றான். கூட அவளுடைய அண்ணன் பாண்டித்துரை.

"தீப் புடிச்சிட்டு முப்பிடாதி. எட்டு வீடும் போச்சு."

பாண்டித்துரை தலையை ஆட்டினான். "நான் போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன். வெறும் சாம்பலு."

"புள்ள கெடக்க எடம்?" என்று கேட்டாள் அவள்.

பாண்டித்துரை துண்டால் முகத்தைத் துடைத்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். மறுபடி கட்ட யாரிடமும் வழியில்லை, மொத்தமாக விற்றாகிவிட்டது, வாங்கினவர்கள் மண்ணைத் தள்ளி மட்டம் போட்டுவிட்டார்கள். அவர்களே தங்கப்பாண்டிக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் கேட் வேலை சொல்லி வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் வீடும் பார்த்தாயிற்று.

பானுவுக்கு ஒரு வயசானபோது, பிடிவாதம் தாங்காமல் ஒரே ஒருதரம் அவளைக் கூட்டிப் போனான். மேற்குப் பாதையில் ஆளுயரத்துக்கு மேல் மதில் எழும்பியிருந்தது. காவல்காரன் விடவில்லை. அவள் மதிலில் நெற்றியை வைத்து அழுதாள். தங்கப்பாண்டி முதுகைத் தடவிக் கொடுத்துக் கூட்டி வந்தான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

வேன் கிழக்குப் பக்கம் புதுத் தார் ரோட்டில் போனதால் அவளுக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. தேரி முழுக்க ஒரே செம்மண். எந்தப் பக்கம் பார்த்தாலும் பனையும் உடைமரமும்தான். வாசலில் டிக்கெட்டுக்கு அடையாளமாக மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டையை ஒட்டிவிட்டார்கள். ஓலைத் தொப்பி கொடுத்தார்கள். மடித்த பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றியபோது ஜெப்ஸி, "இனிச்சுக் கெடக்கே, சீனி போட்டிருப்பானுவளோ?" என்றாள்.

முப்பிடாதி ஒரு வாய் குடித்துவிட்டு, "இல்ல. இது நேத்து எறக்குனது. ஐஸ் பெட்டியில வச்சிருக்காவ" என்றாள்.

சாப்பாடு முதலில். கூரை போட்ட நீளக் கொட்டகையில் இலை போட்டுப் பரிமாறினார்கள். கை கழுவப் பின்னால் ஒரு தொட்டி. ஓடு பதித்து, ஆறு பித்தளைக் குழாய்கள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். முப்பிடாதி கை கழுவி, வாய் கொப்பளித்துத் துப்பி, முந்தானையில் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். ஜெப்ஸி அவள் மேல் தண்ணீரைத் தெளித்து விளையாடினாள்.

அதன் பிறகுதான் வீடு பார்க்கிறது. சுற்றிக் காட்டுகிறவன் கிளைட்டன் என்று பெயர் சொன்னான். ஆலந்தலைக்காரன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"இங்க மொத்தம் எட்டு வீடு. புதுசா ஒண்ணும் கட்டல. மக்கள் இருந்த வீடு, அப்படியே வச்சிருக்கோம். ஓலை மட்டும் வருஷா வருஷம் மாத்துவோம். நாலு வீட்டுல ஆள் தங்கலாம், ஏ.சி. இருக்கு. மத்ததைப் பாக்கலாம். இது மூணாம் நம்பர் வீடு. குனிஞ்சு வாங்க. எல்லாருக்கும் இங்க ஒரு இடி உண்டு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜெப்ஸி, "யாத்தே!" என்று நெற்றியைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவளுக்கும் இடி. முப்பிடாதி பேச்சைக் கவனித்தபடி வந்தவள், எவ்வளவு குனியவேண்டுமோ அவ்வளவு குனிந்து உள்ளே போனாள். உள்ளே இருட்டு. அவளுடைய இடது கை தானாகச் சுவரில் ஏறி, ஒரு மாடக்குழிக்குள் நுழைந்து, தீப்பெட்டியைத் தேடியது.

தீப்பெட்டி இல்லை. அவள் கையை எடுக்கவில்லை.

கண் பழகியதும் பார்த்தாள். மூலையில் தரையோடு பதித்த அம்மி. ஒரு முனை உடைந்தது. அது உடைந்த நாள் அவளுக்குத் தெரியும். மேலே குறுக்குக் கட்டையில் இரும்பு வளையம். தொட்டில் கட்டிய வளையம். இப்போது அதில் ஒரு விளக்குத் தொங்கியது.

"தம்பி" என்றாள். "இங்கன தீப் புடிச்சுதுல்லா?"

கிளைட்டன் சிரித்தான். "தீயா? இல்லக்கா. தீப் புடிச்சிருந்தா ஓலை வீட்டுல என்ன மிஞ்சும்? ஆளுவ இருக்கையிலயே பேசி வாங்குனது. அந்தா, அன்னைக்கு எடுத்த போட்டோ மாட்டிருக்கு பாருங்க."

சுவரில் கண்ணாடி போட்ட படம். எட்டு வீடுகளும் பின்னால் முழுசாக நின்றன. முன்னால் ஆண்கள் வரிசையாகச் சால்வை போர்த்திக்கொண்டு நின்றார்கள். மாமனார் முறைக்காரர், கொழுந்தன்மார், ஒன்றுவிட்ட மச்சான். ஓரத்தில் தங்கப்பாண்டி. அவன் பக்கத்தில் பாண்டித்துரை. அடியில் தேதி எழுதியிருந்தது. பானு பிறந்து பதினாறாம் நாள்.

மற்றவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். ஜெப்ஸி மட்டும், "என்னக்கா, மொகம் ஏன் இப்படிப் போச்சு?" என்று பக்கத்தில் வந்தாள். முப்பிடாதி போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"என்னளா, வேலைக்குப் போகலியா?"

"அண்ணே, எங்க வீடு எரிஞ்சப்போ நீ போய்ப் பாத்தேல்லா?"

"ஆமா. பாத்தேன். இப்ப எதுக்கு அது?"

"ஒண்ணும் மிஞ்சலியா?"

"என்னத்த மிஞ்ச? வெறும் சாம்பலு. பழசெல்லாம் கெளறாத முப்பிடாதி. தலைவலிதான் வரும்."

"செரி" என்றாள். "நான் அந்தச் சாம்பலுக்குள்ளதான் நிக்கேன். மாடக்குழி இருக்கு. அம்மி இருக்கு. நீ சால்வை போத்திட்டு நிக்க போட்டோவும் இருக்கு."

அவன் என்னவோ சொல்ல வந்தான். அவள் கேட்காமல் போனை வைத்துவிட்டுப் புறவாசல் வழியாக வெளியே வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எட்டு.

ஓடு பதித்த தொட்டி. ஆறு பித்தளைக் குழாய்கள். வேறொரு வேனில் வந்தவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

முப்பிடாதி வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அங்கே துப்பிய வாய். பிறகு போய் ஒரு குழாயை மூடினாள். அடுத்ததை மூடினாள். சோப்புக் கையோடு நின்ற ஒருவர், "என்னம்மா இது?" என்றார்.

"வேற எங்கனயாவது கழுவுங்கய்யா."

"ஏன்? தண்ணி வருதே?"

அவள் ஆறாவது குழாயையும் மூடிவிட்டு, தொட்டிக்கும் அவர்களுக்கும் நடுவே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஜெப்ஸி குனிந்து, தோளைப் பிடித்து, என்னக்கா என்னக்கா என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் விஷயத்தை வாங்கிவிட்டாள். ஒன்பது வருஷம் ஒரே மேஜையில் நின்றும் அவளுக்குத் தெரியாத கதை. கேட்டதும் எழுந்து நின்று, சுற்றியிருந்தவர்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்:

"அங்கிட்டுப் போங்க! இங்க பச்சப் புள்ளையப் பொதச்சிருக்கு!"

கிளைட்டன் ஓடிவந்தான். ஜெப்ஸி விஷயத்தைச் சொன்னாள். "சத்தியமா எங்கிட்ட யாருமே சொல்லலக்கா. பிளம்பர்கிட்ட எடத்தக் காட்டிக் குடுத்ததே நான்தான்" என்றான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது தங்கப்பாண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தான். யார்டுக்குப் போகவில்லை. பாண்டித்துரை போனில் சொல்லியிருக்கவேண்டும். பானு பக்கத்து வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதி உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் சொல்லுததக் கேளு" என்றான்.

"சொல்லுங்க."

"எட்டு வீடும் சேந்து குடுத்தாத்தான் வாங்குவோம்னு சொல்லிட்டாவ. ஏழு பேரும் ஒத்துக்கிட்டாவ. நான் ஒருத்தன்தான் பாக்கி. ஒன்னால எங்க பொழப்பு கெடுதுன்னு சண்டைக்கு வந்தாவ. நீ ஒத்துக்கிட மாட்டன்னு எனக்குத் தெரியும்."

"அதுக்கு?"

"நீ அந்த மண்ணுலயே கெடந்து செத்துருவன்னு பயந்தேன். ரெண்டு வருஷம் நீ இருந்த இருப்ப நான்தான பாத்தேன்? வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு, மழையில நனைஞ்சுக்கிட்டு அங்கன போய் ஒக்காந்திருப்ப. இந்தப் புள்ளையாவது தங்கணும்னு நெனச்சேன். எரிஞ்சு போச்சுன்னு சொன்னா அழுது தீத்துருவன்னு ஒங்க அண்ணன்தான் சொன்னான்."

"எங்க அம்மைக்குத் தெரியுமா?"

அவன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சொல்லுங்க. தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். பதினோரு வருஷத்துக் கல்யாண வீடுகளும் துஷ்டி வீடுகளும் அவள் கண் முன்னால் வந்தன. பழைய விளையைப் பற்றி அவள் வாயெடுத்தாலே கொழுந்தன் பெண்டாட்டிகள் சாப்பாட்டு இலையைப் பற்றியும் சேலையைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தன்மேல் இரக்கப்பட்டுத்தான் பேச்சை மாற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"அந்த மதில்ல நான் தலைய வச்சு அழுதேன்" என்றாள். "அந்தப் பக்கம் வீடு நிக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் என் முதுகத் தடவுனீரு, என்னா?"

இத்தனை வருஷமாக 'நீங்க' என்றே பேசிவந்த அவனை அவள் 'நீரு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"வெள்ளிக்கிழமை லீவு போடும். என்கூட வாரும். அந்தக் குழாய எடுக்கச் சொல்லி நீரு உம்ம வாயால கேக்கணும்."

"நான் எதுக்குளா? நீயே சொன்னாத்தான் அவிய..."

"குடுத்தது நானா நீரா?"

அந்த வாரம் முழுக்க வீட்டில் சோறு பொங்கியது, குழம்பு வைத்தது, பானு பள்ளிக்கூடம் போனாள். பேச்சு மட்டும் இல்லை. பாண்டித்துரை இரண்டு தரம் வந்து வாசலோடு திரும்பினான். தாயார் போனில் அழுதாள். முப்பிடாதி கடைசிவரை கேட்டுவிட்டு, "செரிம்மா, அடுப்புல வேலை கெடக்கு" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போனார்கள். அவள் முன்னால், அவன் பின்னால். பங்குனி வெயிலில் ரோட்டிலிருந்து உள்ளே நடக்கும்போது செம்மண் செருப்பைச் சுட்டது. வாசலில் கிளைட்டன் நின்றான். அவன் பார்வை முப்பிடாதியின் மேல் விழுவதற்கு முன்னால் அவளுக்குப் பின்னால் வந்த தங்கப்பாண்டியின் மேல் விழுந்தது. முகம் மலர்ந்தான்.

"வாங்கண்ணாச்சி. என்ன, இந்த வருஷம் முன்னாடியே வந்துட்டிய?"

முப்பிடாதி நின்றாள்.

"இவரத் தெரியுமா தம்பி?"

"தெரியாமலா? நாங்க தொறந்து ஆறு வருஷமாச்சு, வருஷா வருஷம் ஐப்பசியில வருவாரு. மூணாம் நம்பர் வீட்டுப் பின்னால ஒரு அரைமணி நேரம் ஒக்காந்துட்டுப் போவாரு. யாருகிட்டயும் பேச மாட்டாரு." சொல்லிக்கொண்டே வந்தவன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நிறுத்தினான். "அக்கா... இவரு ஒங்க..."

"ஆமா" என்றாள்.

மூன்று பேரும் புறவாசலுக்கு நடந்தார்கள். குழாய்களை ஒரு கயிற்றைக் கட்டி மறித்திருந்தார்கள். ஒன்றிலிருந்து மட்டும் சொட்டியது. முப்பிடாதி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா வந்துருக்கீரு."

"முப்பிடாதி..."

"ஆறு வருஷம் நீரு மட்டும் வந்து புள்ளையப் பாத்துருக்கீரு. அன்னைக்கெல்லாம் எங்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தீரு? யார்டுல டபுள் டூட்டின்னு. நானும் டிபன்பாக்ஸுல சோறு கட்டிக் குடுத்து அனுப்புனேன்."

அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"இந்தக் குழாயப் போட்டப்பவும் வந்தீரா?"

"வந்தேன். போட்டு முடிச்சிருந்தாவ."

"என்ன சொன்னீரு?"

"என்னத்தச் சொல்லச் சொல்லுத? டிக்கெட் எடுத்துட்டு உள்ள வந்தவன் நான். என்னன்னு சொல்ல?" என்றான். "கழுவிட்டுப் போறவரைக்கும் ஓரமா நின்னுட்டு, ஆளில்லாத நேரமாப் பாத்து ஒக்காந்துட்டு வந்தேன்."

அவள் கயிற்றுக்கு மேல் கையை நீட்டி, சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

குழாயை எடுக்கச் சொல்லித் தங்கப்பாண்டி தன் வாயாலேயே கேட்டான். கிளைட்டன் மேலிடத்தில் பேசினான். போனைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உடைமர நிழலில் நடந்துகொண்டிருந்தான். திரும்பி வந்தபோது அவன் குரலில் நிம்மதி இருந்தது.

"நல்ல சேதிக்கா. குழாய எடுத்துறச் சொல்லிட்டாவ. தொட்டியையும் இடிச்சிருவோம். எடத்தச் சுத்தி வேலி போட்டு, பூச்செடி வச்சு, ஒரு கல்லும் நடச் சொல்லுதாவ. புள்ளை பேரு, வருஷம், எப்படி எறந்துதுன்னு ரெண்டு வரி. வாரவங்களுக்கு நானே நின்னு சொல்லுவேன். கேட்டா எல்லாரும் கலங்கிருவாங்க." பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். "புள்ளை பேரு என்னக்கா?"

முப்பிடாதி அந்த நோட்டைப் பார்த்தாள்.

"வேலி போதும் தம்பி. கல்லு வேண்டாம்."

"ஒங்களுக்கு ஒரு ஞாபகமா இருக்குமேக்கா."

"எனக்குக் கல்லு வச்சா ஞாபகம் வரணும்?"

தங்கப்பாண்டி மெதுவாக, "பேரு போட்டா நல்லதுதானளா. எத்தன பேரு பாப்பாவ. நமக்குப் பெறவும் இருக்கும்" என்றான். பிறகு கிளைட்டன் பக்கம் திரும்பி, "புள்ளை பேரு..." என்று வாயெடுத்தான்.

"சொல்லாதேயும்."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவன் வாய் அப்படியே நின்றது.

"வீட்டக் குடுத்தாச்சு. மண்ணக் குடுத்தாச்சு. அந்தப் பேரையும் தூக்கி இவியகிட்டக் குடுத்துராதேயும்."

கிளைட்டன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

பத்து நாளில் குழாயும் தொட்டியும் போய்விட்டன. இடுப்புயரத்துக்கு முள்வேலியும் ஒரு சின்னப் படலும் போட்டார்கள். கல் கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் அரைநாள் ஷிப்ட் கேட்டு முதலாளியம்மாவிடம் ஜெப்ஸிதான் பேசினாள். அன்று மத்தியானத்துக்கு மேல் முப்பிடாதியின் பங்கையும் அவளே சேர்த்து ஒட்டுகிறாள். முப்பிடாதிக்கு மணிக்கட்டில் பட்டை ஒட்டுவதில்லை. சாணி கரைத்து மெழுகி, விளக்கு வைத்து, அதன் பக்கத்தில் ஓலையைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் சிலசமயம் அவளையும் காட்சிக்கு வைத்தது என்று நினைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

தங்கப்பாண்டிதான் பைக்கில் கொண்டுவந்து விடுகிறான். வாசலுக்கு வெளியே உடைமரத்தடியில், வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அவள் திரும்பி வருகிற வரைக்கும் நிற்கிறான். வெயில் சாய்ந்தால் நிழலோடு நகர்ந்துகொள்கிறான். ஐப்பசியும் வந்து போய்விட்டது. உள்ளே வாரும் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.